சாமானியனின் பந்தயத்திடல்

வேகத்தின்மீது மனிதனுக்குள்ள மோகம் அவனுடைய செல்வத்தைப் பார்த்துப் பிறப்பதில்லை. தாம்பரத்திலிருந்து முடிச்சூர் செல்லும் சாலையிலும், பெருங்களத்தூர், இரும்புலியூர்ப் பக்கங்களிலும், தகரக் கொட்டகைகளின் கீழே பழைய மாருதி கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் பிரித்துப் போட்டுக்கொண்டு வேலைசெய்யும் இளம் மெக்கானிக்குகளோடு சிறிது நேரம் நின்று பேசியவர்களால், கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றினால் என்ன நேரும், சைலன்ஸரை மாற்றினால் இழுவை எந்த வேகத்தில் கூடி எந்த வேகத்தில் குறையும் என்பவற்றையெல்லாம் அவர்கள் எத்தனை சிரத்தையோடு ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள் என்று வியக்காமல் இருக்க முடியாது. அந்த ஞானத்தைப் பரீட்சித்துப் பார்க்க அவர்களுக்கு அகப்படுவதோ, நள்ளிரவுக்குமேல் ஆளரவம் அடங்கிய பொதுச்சாலைதான். அதனால் விளையும் துயரத்தை எங்கள் பக்கத்தில் அறியாத தெரு இல்லை.

வேகத்தைப் பரீட்சிக்க இடமில்லாத இத்தகைய வறுமை சென்னைக்கு எப்போதும் இருந்ததென்று சொல்வதற்கில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது நகரத்துக்கு வடக்கே சோழவரத்தில் அமைக்கப்பட்ட விமான ஓடுதளம், யுத்தம் ஓய்ந்து விமானங்கள் போன பிறகு, 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பிரயாசையால் பந்தயத்திடலாக மாறி, பல ஆண்டுகள் தேசமெங்குமுள்ள மோட்டார் அபிமானிகளைத் தன்பால் இழுத்துக்கொண்டிருந்தது. கோண்டல் ராஜவம்சத்தாரின் அந்நிய தேசத்துக் கார்கள் அங்கே சீறிப் பாய்ந்தது உண்மையே. ஆயினும், என் மனம் சோழவரத்தை நினைத்து உவகை கொள்வது அவற்றுக்காக அன்று. வண்டலூரில் இயங்கிவந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் உருவான ஹெரால்டும், பம்பாயிலிருந்து வந்த ஃபியட்டும், அதாவது அன்றைய மத்தியதர வர்க்கத்தார் குடும்பத்தோடு ஏறிச் சென்ற அதே கார்கள், அதே தளத்தில் ஓடியதற்காகத்தான்.

சாமானியனின் காரும் பந்தயத்துக்கு உரியதே என்ற இந்தத் தத்துவத்தை முற்றும் உணர்ந்து செயலில் காட்டியவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்த அவர் விரும்பியிருந்தால் வெளிநாட்டிலிருந்து ஒரு பந்தயக் காரை வரவழைத்துத் தாம் மட்டும் ஓட்டி மகிழ்ந்திருக்கலாம். அப்படியின்றி, எண்பதுகளில், தெருவுக்குத் தெரு ஓடத் தொடங்கியிருந்த மாருதியின் 796 ஸி.ஸி. எஞ்சினை எடுத்து, அதைச் சுற்றி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை நிர்மாணித்து, ஒன்றுபோலவே பல கார்களை உருவாக்கினார். அதன் பெரும்பயனைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். பழுது நேர்ந்தால் சாலையோர மெக்கானிக்கே பார்த்துவிடுவான். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் ஆகையால், பணத்தை வாரியிறைத்து முந்துவதற்கு வழியில்லாமற்போய், ஓட்டுபவனின் கையும் கண்ணும் நெஞ்சமுமே வெற்றியை நிர்ணயிக்கும். 2005-இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன், அந்தக் கார்களின் பந்தயமான ஃபார்முலா மாருதியில்தான் பந்தய வாழ்வைத் தொடங்கினார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தது நாட்டுக்கே நஷ்டம். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1990-இல் அதே மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரத் தளத்தை அமைத்தது. வண்டலூரில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து நசரத்பேட்டையில் மேற்கே திரும்பினால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது எட்டாத தூரமன்று. பந்தய தினங்களில் அங்கே போகும்போதெல்லாம் என் கண் முதலில் நாடுவது, தகிக்கும் வெயிலில் வளைவுக்கு வளைவு கொடியோடு நிற்கும் மார்ஷல்களைத்தான். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு என்றால் பந்தயமே நிற்கவேண்டும். இந்தக் கட்டுப்பாட்டினால்தான் அங்கே வேகம் விளையாட்டாகிறது. 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி விளக்கொளியில் நடந்த இரவுப் பந்தயத்தின் கோலாகலத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் என் அபிமானமெல்லாம் இருங்காட்டுக்கோட்டையின் பகல்வெயிலுக்கே.

எனினும், அங்கே இறங்குவதற்கு லைசென்ஸ், தீப்பிடிக்காத அங்கி, ஹெல்மெட், டயர், கார் வாடகை எல்லாம் சேரும்போது, முடிச்சூர் மெக்கானிக்கின் சம்பளம் அந்தக் கணக்கில் கரைந்துபோகிறது. செலவைக் குறைக்க வழி இல்லாமலில்லை. அமெரிக்காவில் 2006 முதல், ஐந்நூறு டாலருக்கு மிகாத பழங்கார்களை மணிக்கணக்கில் ஓட்டும் ஒரு பந்தயம் நடந்துவருகிறது. ஓட்டுபவரைப் பாதுகாக்கும் இரும்புக் கூண்டு முதலியவற்றின் விலையை மட்டும் அவர்கள் அந்த ஐந்நூறில் சேர்ப்பதில்லை. சிக்கனம் எங்கே தகும், எங்கே தகாது என்பதை அறிந்தவர்கள்.

நமக்கு அதனினும் எளிய மார்க்கம் ஆட்டோகிராஸ். திறந்த வெளியில் கூம்புகளை நட்டு வளைந்து வளைந்து ஒரு பாதை வகுத்து, ஒருசமயத்தில் ஒரு காரை மட்டும் விட்டு, கடிகாரத்தோடு போட்டியிடச் செய்வார்கள். கூம்பைத் தட்டினால் காலக்கணக்கில் சில வினாடிகள் ஏறும். பக்கத்தில் மோதுவதற்கு வேறு கார் இராது. அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்லும் வண்டியே போதும். தாம்பரம் முதல் படப்பை, ஒரகடம் வரை எத்தனையோ பொறியியற் கல்லூரிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றின் விஸ்தாரமான வாகன நிறுத்தங்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் அனுமதியையும் அனுபவமுள்ள மார்ஷல்களின் துணையையும் பெற்று, ஆம்புலன்ஸ் ஒன்றையும் நிறுத்திவைத்துக்கொண்டு, மாதத்தில் ஒரு ஞாயிறு காலை அந்த இடங்களைத் திறந்துவிட எந்த நிர்வாகமாவது முன்வருமானால், கொடி பிடிக்கவும் கூம்பு நடவும் இந்தப் பக்கத்து அபிமானிகள் நாங்கள் தயாராக இருக்கிறோம்.