அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை

எலுமிச்சம்பழத்துக்கு நம் ஊரில் வேலை அதிகம். புது வண்டி வாங்கினால் சக்கரத்தின் அடியில் வைத்து நசுக்குவார்கள். கடை வாசலில் பச்சை மிளகாயோடு கோர்த்துக் கட்டுவார்கள். சாப்பாட்டில் மட்டும் அதற்குக் கிடைப்பது ஊறுகாய்க்கான இடம்தான். அதிலும் பழத்தை விட உப்பே அதிகம்!

இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது. காலையில் வெந்நீரில் பிழிந்து, தேன் கலந்து, வெறும் வயிற்றில் குடித்தால் உடம்பு இளைக்குமாம். கொழுப்பைக் கரைக்கும் சக்தி எலுமிச்சைக்குக் கிடையாது. கலக்கும் தேனும் ஒரு வகைச் சர்க்கரைதான்.

எலுமிச்சையின் உண்மையான பயன் மதியச் சாப்பாட்டில் இருக்கிறது. 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. கல்லூரி வகுப்பில் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அதில் ஒருவருக்கு இருக்கலாம் என்று அர்த்தம். கீரையும் பருப்பும் சாப்பிடுகிறவர்களுக்குமா என்றால், ஆமாம். தாவர உணவில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்வதில்லை. தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைடிக் அமிலம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வைட்டமின் சி கூட இருந்தால் அந்தப் பிடி தளர்கிறது, குடல் உறிஞ்சுவதற்கு ஏற்ற வடிவத்துக்கு இரும்பு மாறுகிறது. ஆனால் இரண்டும் ஒரே வேளையில் வயிற்றுக்குள் போக வேண்டும். காலை ஆறு மணிக்குக் குடித்த எலுமிச்சைத் தண்ணீர் மதியம் சாப்பிடும் முருங்கைக் கீரைக்கு உதவாது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடலாம்.

இங்கே ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். நம் சந்தையில் கிடைக்கும் சின்ன உருண்டை எலுமிச்சையின் 100 கிராம் சாற்றில் வைட்டமின் சி சுமார் 30 மில்லிகிராம்தான். கொய்யாவில் அதைப் போலப் பல மடங்கு. அரை மூடி பிழிந்தால் அற்புதம் எதுவும் நடந்துவிடாது. மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு எலுமிச்சையை நம்புவது முட்டாள்தனம். ஆனால் கொய்யாவைக் கீரையில் பிழிய முடியாதே!

அதனால் இருக்கிற கொஞ்சத்தையும் வீணாக்காமல் இருப்பதுதான் சமையல்காரரின் சாமர்த்தியம். விடுதி மெஸ் எலுமிச்சை சாதம் ஏன் கசக்கிறது? பெரும்பாலும் தாளிப்பு கொதிக்கும்போதே சாற்றை ஊற்றிவிடுவதுதான் காரணம், சில நேரம் கொட்டையோடு. சூட்டில் வைட்டமினும் குறைகிறது, மணமும் போகிறது. கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய், மஞ்சள் எல்லாம் தாளித்து, அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு சாற்றை விட்டு ஆறிய சாதத்தைப் பிரட்ட வேண்டும். எலுமிச்சை ரசமும் அப்படித்தான், இறக்கிய பிறகே பிழிய வேண்டும். பாட்டிகள் வைட்டமின் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே இதைச் சரியாகச் செய்தார்கள்.

சாற்றைப் பிழிந்து நாள்கணக்கில் வைப்பதும் நஷ்டம்தான். ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747ல் ஸ்கர்வி நோய் வந்த மாலுமிகள் இருவருக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தார். ஆறே நாளில் தேறினார்கள். பிறகு 1795ல் பிரிட்டிஷ் கடற்படை எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க ஆரம்பித்தது. அடுத்த நூற்றாண்டில் சத்துக் குறைந்த வேறு வகைப் பழத்துக்கு மாறி, அந்தச் சாற்றைக் காற்றுப்படவும் செப்புக் குழாய் வழியாகவும் விட்டதில் சத்து அழிந்தது. நீண்ட பயணங்களில் நோய் திரும்பி வந்தது. பித்தளை, செம்புப் பாத்திரத்தில் எலுமிச்சை கலக்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் போதும்.

சாம்பாருக்கு ஏற்கெனவே புளி இருக்கிறது, அதை விட்டுவிடலாம். கீரைக் கடைசல், கொண்டைக்கடலைச் சுண்டல், பாசிப்பருப்பு, அவல் உப்புமா, வெள்ளரிப் பச்சடி, எல்லாவற்றிலும் பரிமாறும்போது பிழியலாம். புளிப்பு ஏறினால் உப்பு குறைவாக இருப்பது நாக்குக்குத் தெரியாது. ரத்த அழுத்தம் உள்ள வீட்டில், முதலில் வழக்கமான உப்பில் முக்கால் பங்கு போட்டு, எலுமிச்சை பிழிந்து ருசி பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு உப்பு டப்பாவைத் திறக்கலாம். வயிற்றுப்புண் இருப்பவர்கள் மட்டும் அளவைக் குறைத்துக்கொள்வது நல்லது.