புதிதாய் ஒருவர் பள்ளிக்கு வரும்போது

பணியேற்பு அறிக்கையில் 'முற்பகல்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கியதும் தலைமையாசிரியரின் வேலை முடிந்தது என்று நினைக்கும் வழக்கம் நம் அரசுப் பள்ளிகளில் இன்னும் போகவில்லை. ஆணையைக் கோப்பில் வைத்து, வருகைப் பதிவேட்டின் கடைசி வரியில் பெயர் எழுதி, "அஞ்சாம் வகுப்புக்குப் போங்க டீச்சர், பிள்ளைங்க சும்மா இருக்கு" என்று அனுப்பிவிடுகிறோம். அவர் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பார்.

*

கலந்தாய்வில் தெற்கத்திக்காரர்கள் பலருக்கு வடமாவட்டங்களில்தான் இடம் கிடைக்கிறது. தென்காசியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டத் தளிப் பக்கத்துக்கு வருபவரிடம் பாடவேளை அட்டவணையை நீட்டுவதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இங்கே பல பிள்ளைகள் வீட்டில் பேசுவது கன்னடம் அல்லது தெலுங்கு. ஒன்றாம் வகுப்புக் குழந்தை பேசாமல் நின்றால், கேள்வியே புரியாமல் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாரும் சொல்லாமல் அவராகவே கண்டுகொள்வதற்குள் அந்தக் குழந்தைக்கு 'மந்தம்' என்று பெயர் விழுந்துவிடும்.

*

முதல் நாளே காட்ட வேண்டியவை: ஆசிரியைகளுக்கான கழிப்பறை, அதன் சாவி தொங்கும் இடம், குடிதண்ணீர், கடைசி பஸ் நேரம், வாடகைக்கு விடும் நம்பகமான வீடு. இவற்றைக் கேட்கப் புதியவர் கூச்சப்படுவார். கேட்கும்படி வைக்கவே கூடாது.

*

முதல் சம்பளம் தாமதமாகலாம். பணிப்பதிவேடு தொடங்க வேண்டும், ஓய்வூதியக் கணக்கு எண் வாங்க வேண்டும், சம்பளம் போடும் 'களஞ்சியம்' தளத்தில் விவரம் ஏற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை. வீட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கையில் காசில்லாமல் பாடம் நடத்துபவர் நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கக்கூடும். தலைமையாசிரியர் தாமே அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வந்தால் காரியம் நகரும்.

*

ஜப்பானில் 1989 முதல், அரசுப் பள்ளியில் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு ஓராண்டுப் பயிற்சி கட்டாயம். வகுப்பு எடுத்துக்கொண்டே, மூத்த ஆசிரியர் ஒருவரின் துணையோடு கற்கிறார். இங்கிலாந்தில் 2021 செப்டம்பரிலிருந்து இது இரண்டாண்டு. அங்கே வழிகாட்டி ஆசிரியர் உண்டு. அதோடு முதலாண்டில் பாடவேளைகளில் 10 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 5 சதவீதமும் குறைக்கிறார்கள். எனக்கு இந்தக் குறைப்புதான் முக்கியமாகப் படுகிறது. பூங்கொத்து தராவிட்டாலும் போகிறது, நேரம் தர வேண்டும்.

நாம் தலைகீழாகச் செய்கிறோம். யாரும் விரும்பாத வகுப்பு புதியவருக்கு. இளவயது, போன் நன்றாகத் தெரியும் என்று மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் தளப் பதிவும் அவருக்கே. ஆண்டு விழா, கலைத் திருவிழா எல்லாம் அவர் தலையில். தகுதிகாண் பருவத்தில் இருப்பவர் எப்படி மறுப்பார்?

ஈராசிரியர் பள்ளியில் பாடவேளையைக் குறைக்க முடியாது என்பது உண்மை. கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள்தான். ஆனாலும் முதல் வாரம் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்து, பழையவர் நடத்த, புதியவர் பின்னால் இருந்து பார்க்கலாம். எந்தப் பிள்ளை யார் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுதுகிறது என்பது அங்கிருந்துதான் தெரியும். தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பயிற்சி வட்டார வள மையத்தில் பருவத் தொடக்கத்தில் முடிந்திருக்கும். நடுப்பருவத்தில் சேர்ந்தவர் கையில் ஆசிரியர் கையேட்டை மட்டும் கொடுத்தால் போதாது. ஒரு மாலை அவரோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பேச வேண்டும்.

*

காலை உணவு சமைக்க மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வரும் அம்மாவும் பள்ளிக்குப் புதியவர்தான். நமக்கெல்லாம் முன்னால் வந்து அடுப்பு மூட்டுகிறார். அவர் பெயரைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் சொல்லிப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டும்.

*

மாறுதலில் போகும் ஆசிரியர் நாற்காலி, பீரோ சாவி, புத்தகக் கணக்கு எல்லாம் ஒப்படைக்கிறார். பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட ஒப்படைப்பதில்லை. யாருக்கு வலிப்பு வரும், யாருக்குக் கரும்பலகை தெரியாது, யார் பாட்டி வீட்டில் வளர்கிறது, யாரை அடித்தால் மறுநாள் வராது: ஒரு பக்கம் எழுதினால் போதும். பணிவிடுவிப்பில் கையெழுத்துப் போடும் முன் தலைமையாசிரியர் அதைக் கேட்டு வாங்கி, அடுத்து வருபவருக்கென எடுத்துவைக்க வேண்டும்.