காங்கேயம் காளையின் மிடுக்கு ரத்தத்திலா, புல்லிலா?

திருப்பூரிலிருந்து காங்கேயத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம். முதலில் கண்ணில் படுவது அரிசி ஆலைகளும் தேங்காய்ப் பருப்பு காயும் களங்களும்தான். மாடு பார்க்க வந்தவர்கள் ஊரைத் தாண்டி, கிளுவை வேலி தொடங்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

வேலிக்கு உள்ளே இருப்பதுதான் கொறங்காடு. பெயரில் காடு இருந்தாலும் இது மேய்ச்சலுக்கென்றே விட்ட மானாவாரி நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள், சுற்றிலும் உயிர்வேலி. மழை குறைந்த பூமி இது. ஒரு மழைக்கே புல் துளிர்த்துவிடும். காய்ந்தாலும் மாடு மேயும். கோடையில் வெள்வேலங்காய் தீனியாகும்.

நிறம் மாறும் கன்று

இங்கே செந்நிறக் கன்றைப் பார்த்து வேறு இனம் என்று நினைத்துவிடாதீர்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறம். ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளை பருவத்துக்கு வரும்போது தலை, கழுத்து, திமில் எல்லாம் கருக்கும். காயடித்த எருதுக்கு அந்தக் கருமை மங்கிவிடும். நிறத்தைத் தருவது பரம்பரை. கருமையைக் கூட்டுவது உடலில் சுரக்கும் ஹார்மோன்.

தாயின் பங்கு

வளர்ச்சியும் இப்படித்தான். பரம்பரைக் கூறுகளில் பாதி காளையிடமிருந்தும் பாதி பசுவிடமிருந்தும் வருகின்றன. ஆனால், தாய்க்கு இன்னொரு பங்கும் உண்டு. சினைக் காலத்தில் அது மேய்ந்த புல்லும், பிறகு ஊட்டும் பாலும் கன்றின் எடையைத் தீர்மானிக்கின்றன. ஒரே காளைக்குப் பிறந்த இரண்டு கன்றுகளில், மழைக்குப் பின் புல் செழித்த நேரத்தில் பிறந்தது முந்திக்கொள்ளும். வறட்சியில் பிறந்தது பின்தங்கும்.

அதற்காகக் காளைத் தேர்வை அலட்சியப்படுத்த முடியாது. ஒரே காளையை அதன் வாரிசுகளோடே திரும்பத் திரும்பச் சேர்த்தால், எவ்வளவு நல்ல புல் இருந்தாலும் கன்றுகள் நலிவடையும். அதனால்தான் வெளிக் காளையைத் தேடிப் போகிறார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் பெயர் இந்த இனத்தின் வரலாற்றில் நிலைத்ததும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால்தான்.

எது மிஞ்சும்?

டிராக்டர் வந்ததும் உழவு மாட்டுக்கு வேலை போனது. கலப்பின மாட்டின் அளவுக்குக் காங்கேயம் பசு பால் தராது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டம் நாட்டு மாடுகள் பக்கம் பலரது பார்வையைத் திருப்பியது. ஆனால், கொறங்காடுகள் வீட்டு மனைகளாவதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை.

காளையின் விந்தை மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்து, எத்தனை ஆண்டு கழித்தும் சினை ஊசியாகப் போடலாம். புல்லையும் வேலியையும் அப்படி எடுத்து வைக்க முடியாது. கொறங்காடு இல்லாத இடத்திலும் காங்கேயம் கன்று பிறக்கும். அதே மிடுக்கோடு வளருமா என்பதுதான் கேள்வி.

இந்த மாடுகளை மொத்தமாகப் பார்க்க ஆசையா? சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரையொட்டி மாட்டுச் சந்தை கூடும். மயிலை, காரி, செவலை எல்லாம் வரும். சந்தையோடு திரும்பிவிடாமல் பக்கத்தில் ஒரு கொறங்காட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.