பிடிக்குள் இருப்பது

அசல், போலி என்ற இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு நம் விமர்சனம் வெகுகாலம் ஓட்டிவிட்டது. ஒன்றை அசல் என்று சொல்லிவிட்டால் அதன் தரத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. போலி என்று சொல்லிவிட்டால் அதைத் திரும்பியும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால், நான் பிரதிதான் என்று ஒப்புக்கொண்டே முன்னால் வந்து நிற்கும் ஒரு பொருளிடம் இந்தச் சௌகரியம் செல்லுபடியாகாது. பிரதியில் நல்லது எது, கெட்டது எது, எதை வைத்துச் சொல்வது? ஒரு வாள் வாங்கப் போன இடத்தில் இந்தக் கேள்வி எனக்கு ஸ்தூலமான ஒன்றாயிற்று.

பாகூரில் நண்பர்கள் சிலர் 'மாக்பெத்' போடத் தீர்மானித்தார்கள். கடைசிச் சண்டை இரும்போடு இரும்பு மோதும் சத்தத்தோடு நடக்க வேண்டும் என்றார் இயக்குநர். இரண்டு கையாலும் பிடித்து வீசுகிற ஐரோப்பிய நீள்வாளின் பிரதி, கூர் இல்லாமல், வேண்டும். நாடகம் திடலில். முன்வரிசை என்பது மணலில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள். நடிகனுக்கும் அவர்களுக்கும் நடுவே பத்தடி இருந்தால் அதிகம். வீச்சில் அலகு முறிந்தால் எங்கே போய் விழும் என்பதை யோசிக்க யாருக்கும் பெரிய கற்பனை தேவையில்லை. வில்லியனூர்ப் பக்கம் கொல்லுப்பட்டறைக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இன்னும் உலை ஊதுகிற சித்தப்பாவை அழைத்துக்கொண்டு, நகரத்தில் பழம்பொருள் மாதிரிகள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன்.

"பிரெஞ்சுக்காரன் காலத்து மாடல் சார்" என்று கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் காலூன்றிய 1674இல் நீள்வாளின் காலம் ஐரோப்பாவில் முடிந்துபோயிருந்தது. வந்தவர்கள் இடுப்பில் இருந்தவை ஒற்றைக் கை வாள்கள். ஆனால் விற்பவர் சொல்லும் சரித்திரம் பொய் என்பதால் வாள் கெட்டதாகிவிடாது. வாளைத்தான் பார்க்க வேண்டும்.

கண்ணாடிபோல் மின்னியது. எவர்சில்வர். குரோமியம் கலந்த இந்த எஃகு துருப்பிடிக்காது. சமையலறைக் கத்திக்கு நல்லது. மூன்றடி அலகாக நீட்டி இன்னொரு இரும்பின்மேல் அறைந்தால், வளைந்து கொடுக்காமல் முறியவே பார்க்கும். சித்தப்பா பளபளப்பைப் பார்க்கவே இல்லை. வாளைக் கிடையாகப் பிடித்து, அலகின் முதுகுப்புறம் கண்ணை ஓட்டினார். பிடியருகே என்ன கனமோ நுனியிலும் அதே கனம். "தகடு வெட்டி வாளாக்கியிருக்கான்" என்றார். அசல் நீள்வாளின் அலகு பிடியருகே ஆறு மில்லிமீட்டர் போலிருந்து, நுனிக்குப் போகப்போக அதில் பாதிக்கும் கீழே மெலிந்துவிடும். முன்னாலிருந்து பார்த்தால் இது தெரியாது, புகைப்படத்திலும் தெரியாது. ஆனால் நான்கடி நீளமுள்ள ஒரு பொருளை ஒன்றரைக் கிலோவுக்குள் அடக்கி, கையில் பறவைபோல் திரும்ப வைப்பது இந்த மெலிவுதான். தகட்டு வாள் நுனி கனத்து, வீசியவனைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். விரல்மேல் நிறுத்திப் பார்த்தோம். கைக்காப்பிலிருந்து நாலைந்து அங்குலத்துக்குள் நிற்க வேண்டிய துலாப்புள்ளி ஒரு சாணுக்கு அப்பால் இருந்தது.

"குமிழைக் கழட்டிப் பாக்கலாங்களா?" என்று சித்தப்பா கேட்டார். திருகாணிதான், கடைக்காரரே கழற்றிக் கொடுத்தார். அலகு பிடிக்குள் வால்போல் நீண்டு, அகலமாகவே ஓடி, குமிழைத் துளைத்து வெளிவந்து, அங்கே அடித்துப் பரத்தப்பட்டிருக்க வேண்டும். உள்ளே இருந்ததோ பென்சில் கனத்தில் ஒரு கம்பி, அலகோடு வெல்டிங் வைத்து ஒட்டியது. வீச்சின் பலம் முழுவதும் வந்து சேரும் இடம் அதுதான். சித்தப்பா என்னைப் பார்த்தார். "இத சொவத்துல மாட்டலாம்டா. ஆளுங்க நடுவுல எடுக்கக்கூடாது."

இதையே விதியாக்கிக்கொண்டு எல்லா வாளையும் அளக்கவும் முடியாது. நம் நாட்டுத் தல்வாரில் வால் குட்டையானது. உலோகப் பிடிக்குள் அரக்கை உருக்கி ஊற்றி இறுக்கியிருப்பார்கள். அது குறையல்ல, வேறொரு வடிவம் கேட்ட வேறொரு தீர்வு. வடிவத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் பொருளுக்குள் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்னொரு வாளின் அலகில் நீரோட்டம்போல் கோலம். 'டமாஸ்கஸ்' என்று சொல்லி விலை இரட்டிப்பு. அந்தப் பெயர்பெற்ற அலகுகளின் எஃகு தென்னிந்திய மூசைகளில் உருகியது. 'ஊட்ஸ்' என்று ஐரோப்பியர் அழைத்த அதைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். அங்கே கோலம் எஃகின் உள்ளமைப்பு வெளியே தெரிந்தது. கடையில் இருந்ததோ அமிலத்தால் மேலே வரைந்தது; உரசினால் போய்விடும்.

முத்திரையை நம்பலாமா என்றால், அந்தப் பொய்க்கும் நீண்ட பாரம்பரியம் உண்டு. பாஸாவ் நகரத்து ஓநாய் முத்திரையைச் சோலிங்கன் கொல்லர்கள் தங்கள் அலகுகளில் பொறித்தார்கள். 'ஆந்திரேயா ஃபெராரா' என்ற பெயர் ஒரு மனிதன் ஆயுளில் அடித்திருக்கவே முடியாத அத்தனை வாள்களில் இருக்கிறது. ஐரோப்பிய அலகுக்கு உள்ளூர்ப் பிடி போட்ட 'ஃபிரங்கி' வாள்கள் இந்த நாட்டில் ஏராளம். அசல் என்ற பெயராவது வாளைக் காப்பாற்றுமா? தஞ்சை அரண்மனை ஆயுதசாலையின் வாள்களில் பெரும்பகுதி 1860களில் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டதை வால்ஹவுஸ் 1878இல் வருத்தத்தோடு பதிவுசெய்திருக்கிறார். உடைத்தவர்கள் கையில் இருந்தவை அசல்கள்தாம். பார்க்கத் தெரிந்த கண்தான் இல்லை.

மூலையில் சாம்பல் நிறத்தில் ஒன்று கிடந்தது. கார்பன் எஃகு, எண்ணெய் போடாவிட்டால் துருப்பிடிக்கும். குமிழில் திருகாணி இல்லை, அடித்துப் பரத்தியிருந்தது. ஆகவே கழற்றிப் பார்க்க முடியாது. நல்லதை நிச்சயிப்பது கெட்டதைக் கண்டுபிடிப்பதைவிடச் சிரமம் என்பது இங்கேதான் தெரிந்தது. அதன் உள்ளே என்ன என்பதை அது நடந்துகொள்கிற விதத்திலிருந்து மட்டுமே ஊகிக்க முடியும். சித்தப்பா பிடியை உதறினார், கலகலக்கவில்லை. குமிழை உள்ளங்கையால் தட்டி, அலகின் அதிர்வு எங்கே ஓய்கிறது என்று பார்த்தார். நகத்தால் சுண்டிக் காதுகொடுத்தார். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, நுனியை மரத்தில் ஊன்றி ஒரு சாண் வளைத்து விட்டார். நூல்பிடித்தாற்போல் நேராகத் திரும்பியது. வளைவு ஒரே இடத்தில் மடியாமல் நுனிப்பக்கம் சீராக இருந்தது. "தோய்ச்சல் சரியா இருக்கு. லாரிப் பட்டா மாதிரி" என்றார். லாரிப் பட்டாவில் அரிவாள் அடிப்பவரிடமிருந்து அதற்குமேல் பாராட்டு கிடையாது. அதையே வாங்கினோம்.

மேடையில் மின்னாதே என்று இயக்குநருக்குக் குறை. நம் கூத்தில் மரத்தில் செதுக்கி ஜிகினாத்தாள் ஒட்டிய வாள் இருக்கிறதே, அதுவும் பிரதிதான்; ஆனால் அது இரும்பென்று யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை, ஆட்டக்காரனின் அடவுக்கு என்ன கனம் வேண்டுமோ அந்தக் கனத்தில் இருக்கிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன். கண்ணுக்குப் படுகிறவற்றை மட்டும் பிரதியெடுத்து, படாதவற்றைக் கம்பியும் வெல்டிங்குமாக முடித்துவிட்டு, ஆள் நடுவே வருகிறதே, அதுதான் ஆபத்தானது.

இங்கே எழுதப்படும் கவிதைகளைப் பற்றியும் இந்த வட்டத்தில் அசலா, மேற்கின் பிரதியா என்ற வழக்கு ஓயாமல் நடக்கிறது. வடிவம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பொருட்டில்லை. வரி உடைவதையும் படிமத்தையும் எடுத்துக்கொண்டவர், அவை அங்கே ஏன் அப்படி மெலிந்தன, பாரம் எங்கே வந்து விழுந்தது என்பதையும் எடுத்துக்கொண்டாரா என்றே கேட்கத் தோன்றுகிறது. பெரும்பாலான கவிதைகளில் குமிழைக் கழற்ற முடியாது. வளைத்து விட்டுப் பார்க்கலாம். திரும்பி வருகிறதா என்று.