கலவானையிற் கற்ற சிங்களம்

1956ஆம் ஆண்டில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய பின்னர், அரசாங்க உத்தியோகம் நாடிய தமிழ் இளைஞர்க்குச் சிங்களத் தேர்ச்சி வயிற்றுப்பாட்டுக் காரியமாயிற்று. சிங்களப் பரீட்சையைக் காரணங்காட்டித் தமக்குச் சம்பள உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்துக் கோடீஸ்வரன் என்னும் இலிகிதர் தொடுத்த வழக்கு 1969இல் பிரிவிக் கவுன்சில்வரை சென்றதை நம் கல்லூரிப் பழைய மாணவர் பலர் அறிவர். வழக்காடும் வசதி நமக்கிருக்கவில்லை. 1972இல் இலிகிதராய்க் கலவானைக்குச் சென்றபோது ஓர் இலக்கண நூலே துணையாயிருந்தது.

இரத்தினபுரியிலிருந்து நிவித்திகல வழியாகச் செல்ல வேண்டும். சிங்கராஜ வனத்தின் அயலாதலின் மழைக்குக் குறைவில்லை. மழை மாலைகளில் தேநீர்க் கடை வாங்கே நம் வகுப்பறை. நூலிலுள்ள சிங்களம் வேறு, கடையிலுள்ள சிங்களம் வேறு என்பதை முதல் வாரத்திலேயே உணர்ந்தோம். எழுத்து வழக்கில் 'மம யமி', 'அபி யமு' என வினை நம் தமிழைப்போல இடத்துக்கேற்ப விகுதி பெறும். பேச்சிலோ நானும் நீயும் அவனும் எல்லாரும் 'யனவா'தான். அந்த அளவில் இலகுவே. கடினம் ஒலியிலுள்ளது. 'பலன்ன' என்பதை மெல்லொலியோடு தொடங்கினால் 'பாருங்கள்'. வல்லொலியோடு தொடங்கினால் விறகு பிளக்கும் காரியம். நம் நெடுங்கணக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்தைத் தந்து கைவிட்டுவிடுகிறது.

கடை முதலாளி தமிழும் பேசுவார். அது தோட்டத்துத் தமிழ். நாம் 'ஓம்' என்றால் 'ஆமா' என்று திருத்துவார். யாழ்ப்பாணத்தார் பேசுவது அரைத்தமிழ் என்பது அவர் துணிபு. மறுக்க நாம் முயன்றதில்லை.

உண்மையில் நம் ஆசான் அவரல்லர். அயலிலுள்ள றப்பர்த் தோட்டத்திற் பால்வெட்டும் ஒரு தமிழர். எம்மொழியிலும் எழுத்தறியாதவர்; ஆயினும் அவர் சிங்களம் பேசக் கேட்டு ஊரவர் எவரும் வேற்றுமை கண்டதில்லை. கடை வாங்கில் நாம் தமிழில் வினவினால், "சிங்களத்துல கேளுங்க ஐயா, அப்பத்தான் வரும்" என்பார். பிக்குமார் உண்பதற்குக் 'கனவா' என்னலாகாது, 'வளந்தனவா' என்க என்பது போன்ற மரியாதைகளெல்லாம் அவர் வாய்வழி வந்தவை. அவர் திருத்திய நாவோடு வாய்மொழிப் பரீட்சைக்குச் சென்றோம், தேறினோம், சம்பள உயர்வும் கிடைத்தது.

1964இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நம் ஆசான் முன்னைய பங்கில் வீழ்ந்தார். அத்தோட்டத்து லயத்திலே பிறந்தவர், இந்தியாவைக் கண்டவரல்லர். சிங்களம் அறியாது வந்த நாம் பிரஜை. அதை நமக்குக் கற்பித்தவர் அந்நியர். இந்த நியாயத்தைக் கடை முதலாளிக்கு விளக்க நம்மிடம் எம்மொழியிலும் சொல்லிருக்கவில்லை.

1976இல் குடும்பத்தோடு தலைமன்னார்க் கப்பலுக்குப் புறப்பட்டார். பஸ்ஸில் ஏறுமுன் முதலாளியிடம் "கிஹின் என்னம்" என்றார். விடைபெறும்போது 'போய்வருகிறேன்' என்னும் வழக்கம் சிங்களத்திலும் உண்டு. நம்மிடமும் அதையே சிங்களத்திற் சொன்னார்.

சில மாதங்களின் பின் மண்டபம் முகாமிலிருந்து கடிதமொன்று வந்தது. யாரோ எழுதிக்கொடுத்த தமிழ்க் கடிதம். முதலாளிக்கு அதைச் சிங்களத்திற் படித்துக் காட்டினோம்.