எண்ணும் ஒழுங்கும்

ஐந்தும் இரண்டும் சேர்ந்து ஐம்பத்திரண்டாதலும் இருபத்தைந்தாதலும் அவை நிற்கும் ஒழுங்கினாலேயாம். பாலர் வகுப்பிற் கற்ற இவ்வுண்மையே கணனியினுள்ளும் ஆட்சி செய்கின்றது. நிரலாக்கம் கற்பிக்கும் யான், மாணவர்க்கு இதனையே முதற்கண் எடுத்துரைப்பதுண்டு.

பைற்று என்பது 8 பிற்றுகள் கொண்ட சிற்றலகு. 0 முதல் 255 வரையுள்ள எண்களையே அது தாங்கவல்லது. அதனிற் பெரிய எண்ணை எழுதப் பல பைற்றுகளை அணிசேர்த்தல் வேண்டும். நாம் பத்தின் அடுக்குகளை இடமதிப்பாகக் கொள்வதுபோலக் கணனி 256 இன் அடுக்குகளைக் கொள்ளும். யுனிகோட் முறையில் நம் அகரத்துக்குரிய எண் 2949. இதனை இரு பைற்றுகளில் எழுதின் 11, 133 என வரும். 11 ஐ 256 ஆற் பெருக்கி 133 ஐக் கூட்டுக, 2949 கிடைக்கும். அவ்விரண்டையும் தலைமாற்றிப் படித்தாலோ 34059 ஆகும். அஃது ஒரு சீன எழுத்துக்குரிய எண். பைற்றுகள் பழுதின்றி வந்து சேர்ந்தும் அகரம் சீனமாகிவிடுகின்றது!

பெரிய பகுதியை முன்வைப்பதா, சிறிய பகுதியை முன்வைப்பதா என்பதிற் கணனி அமைத்தோர் ஒருமைப்பட்டிலர். நம் மேசைக் கணனிகளிற் பெரும்பாலும் காணப்படும் இன்ரெல் வகைச் செயலிகள் சிறியதை முன்வைப்பன. இணையத்தின் அடிப்படை நெறிகள் பெரியதை முன்வைப்பன. முட்டையை எம்முனையில் உடைப்பதென்று பூசலிட்டோரின் கதை, 1726 இல் வெளிவந்த கலிவரின் யாத்திரை நூலில் உளது. 1980 இல் டானி கோஎன் என்னும் அறிஞர் அவர்தம் பெயரையே இவ்விரு கட்சியார்க்கும் சூட்டினார். எம் முன்னோரும் இருவழியும் அறிவர். தமிழ் எண்ணுப்பெயர் பெரியதிலிருந்து தொடங்கும். வடமொழிக் கணித நூலார் கையாண்ட கடபயாதி முறையிலோ ஒன்றாம் இடமே முதலில் வரும். இருமுறையும் குற்றமற்றன, உடன்பாடின்மையே குற்றம்.

ஒழுங்கோடு அளவும் வேண்டும். டெனிஸ் றிற்சி ஆக்கிய சி மொழியில் ஒரு பைற்று அணியைச் சார்பொன்றுக்கு அனுப்பினால், சென்றடைவது அவ்வணி தொடங்கும் முகவரி மாத்திரமே. வீட்டிலக்கம் அறிந்தவன் காணியின் எல்லையை அறியாதவாறுபோல, அச்சார்பு அணியின் முடிவை அறியாது. ஆதலின் நீளத்தையும் உடனனுப்புதல் மரபு. அந்நீளத்தையும் ஆராயாது நம்பலாகாது. 2014 இல் வெளிப்பட்ட 'ஹாற்பிளீட்' என்னும் வழு இதற்குச் சான்று. இணையச் செய்திகளைக் காக்கும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்னும் மென்பொருள், வெளியார் அனுப்பிய இரு பைற்றுகளைச் சேர்த்து நீளமாகக் கொண்டது. அவ்வளவு செய்தி மெய்யாக வந்ததா எனச் சரிபார்த்திலது. அதனாற் சிறு செய்தி அனுப்பியவனும், ஒவ்வொரு முறையும் 64 கிலோபைற்று வரை பிறர் நினைவகத்திலிருந்து கவர முடிந்தது. கடவுச்சொற்களும் இரகசியத் திறவுகளும் அதில் அகப்படக்கூடியனவாயின.

ஆதலின், மாணவர்காள், பைற்று அணியொன்று கைக்கு வரின் அது எங்கே தொடங்குகின்றது, எத்துணை நீளமுடையது, எம்முனை முதலாவது என வினவுக. பெற்ற விடை மெய்தானா என்றும் ஆராய்க. விடை கண்டபின் அதனைச் சரிபார்த்துக் காட்டுமாறு எம் கணித ஆசிரியர்கள் வற்புறுத்தியதன் பயன், இத்துறையில் எனக்கு நாடோறும் விளங்குகின்றது.