ரின்னில் வந்த புளிப்பும் முட்டியில் வந்த புளிப்பும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைப் பக்கம் போகிற பஸ்ஸில் இடக்கைப் பக்கம் கடல், வலக்கைப் பக்கம் வாவி. ஆனால் இரண்டும் கண்ணில் படுவது குறைவு. காத்தான்குடியில் வீதி நடுவே பேரீச்சை நிற்கும். அதைத் தாண்டி ஆரையம்பதி, குருக்கள்மடம், செட்டிபாளையம் என்று தென்னை தொடரும். வெற்றிலைக்குப் பேர்போன களுதாவளைக்கு அடுத்தது களுவாஞ்சிக்குடி. முப்பது கிலோமீற்றர் அளவுதான் தூரம், வேகவைத்து எடுக்கிற வெயில்.

மனைவியின் தாய்வீடு அங்கே. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது, மருமகன் வந்து சேருகிறவன். வந்து சேருகிறவன் வெறுங்கையோடு வரலாமா? ரொறன்ரோவிலிருந்து சில ரின் பியர் கொண்டு போயிருந்தேன். சாதாரண பியர் இல்லை, கொடித்தோடைப் பழக்கூழ் சேர்த்த புளிப்பு பியர். அங்கே சின்னச் சின்னப் பியர் ஆலைகள் இதைப் போட்டி போட்டுச் செய்கின்றன.

மாமா ஒரு மிடறு குடித்துவிட்டு ரின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திகதியைத் தேடுகிறார் என்று பிறகுதான் விளங்கியது.

"மருமகன், இது பழுதாப் போனதில்லையே?"

"இல்ல மாமா, இப்பிடித்தான் செய்யுறது."

"புளிச்சத காசு குடுத்தா வாங்குறாங்க?"

வாங்குகிறார்கள், சாதாரண பியரைவிடக் கூடின விலைக்கு. முளைவிட்ட பார்லியை ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றில் லக்டோபசிலஸ் பக்றீரியாவைச் சேர்த்து, இளஞ்சூட்டில் ஓரிரு நாள் விடுவார்கள். தயிரைப் புளிக்க வைக்கிற அதே குடும்பம்தான். வேண்டிய அளவு புளித்ததும் கொதிக்க வைத்து அதைக் கொன்றுவிடுவார்கள். அதன்பிறகுதான் மதுவுக்கு ஈஸ்ற், மணத்துக்குப் பழம். பெல்ஜியத்தில் பிரசெல்ஸ் பக்கத்துப் பழைய முறை வேறு. காற்றிலிருந்து தானாக வந்து விழும் நுண்ணுயிர்களை நம்பி, மரப்பீப்பாயில் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று பொறுத்திருந்து, அதற்குள் செரிப்பழத்தைப் போடுவார்கள். அவசரக்காரருக்கு அது சரிவராது.

மாமாவுக்குப் பெல்ஜியம் பிடித்துக்கொண்டது. காற்றை நம்புகிறவர்கள் என்றால் நம்முடைய ஆட்கள் என்றார்.

மத்தியானத்துக்கு வாவியின் மறுகரையான படுவான்கரையிலிருந்து கள்ளு வந்தது. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, சைக்கிளில், தென்னங்கள்ளு. இதற்கு யாரும் ஈஸ்ற் போடுவதில்லை. சீவிய பாளையிலிருந்து சொட்டு விழத் தொடங்கும்போதே முட்டிக்குள் வேலை தொடங்கிவிடும், முந்தின நாள் ஒட்டியிருக்கிற வண்டலே போதும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காது, இனிப்பான கருப்பணி கிடைக்கும். பூசாவிட்டால் இனிப்பு மதுவாகிறது, கூடவே புளிப்பும் ஏறுகிறது. காலையில் இறக்கியது ஒரு குடி, மத்தியானம் இன்னொரு குடி, பின்னேரம் மூன்றாவது. அடுத்த நாள் விட்டால் வினாகிரிக்குப் பாதி வழி. பியர்க்காரன் புளிப்பைத் தான் விரும்பிய இடத்தில் நிறுத்திவிடுகிறான். கள்ளை நிறுத்த ஆளில்லை, நாம்தான் நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். ரொறன்ரோவில் எனக்கு அது கிடைக்காததற்குச் சட்டத்தைவிட இதுதான் காரணம். போத்தலில் சூடாக்கி அடைத்த பனங்கள்ளு வெளிநாட்டுக் கடைகளில் உண்டு. குடித்திருக்கிறேன். கள்ளின் நிழற்படம் அது.

வாவி இறாலைப் பொரித்து வைத்திருந்தார்கள். அந்தக் காரத்துக்கு ரின் பியர் தோற்றது, நேர்மையாகச் சொல்கிறேன். முதல் மிடறு அருமை, மூன்றாவதில் பழக்கூழ் நாக்கில் தடித்துப் படிந்துவிடுகிறது. கள்ளின் புளிப்பு எண்ணெயை வெட்டிக்கொண்டு போய்விட்டது.

அப்போதுதான் மாமா எழுந்து போய் வேலியில் படர்ந்திருந்த கொடித்தோடையில் இரண்டு காய் பறித்து வந்தார். வெட்டி, விதையோடு கள்ளுக்குள் வழித்துப் போட்டார். மாமி தலையில் கைவைத்தார். கள்ளுக்குள் பழம் போடுகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை, ஊரிலும் நான் கேள்விப்படவில்லை. விதை பல்லில் கடிபட, மணம் மூக்கில் ஏற, நுரை விளிம்புவரை வந்து நின்றது. நல்லாயிருந்தது. மெய்யாகவே நல்லாயிருந்தது.

மிச்சத்தைப் போத்தலில் ஊற்றி மூடியை இறுக்கப் போனவரை நான் தடுத்தேன். கள்ளுக்குள் ஈஸ்ற் உயிரோடு இருக்கிறது, பழத்தின் சீனி அதற்குப் புதுச் சாப்பாடு. வாயு சேர்ந்தால் போத்தல் வெடிக்கும். பழப் பியர் ரின்களுக்கும் இதே வில்லங்கம் உண்டு. குளிரில் வைக்கச் சொல்லி அச்சடித்திருப்பதைக் கவனிக்காமல் அலுமாரியில் அடுக்கி, வீங்கி வெடித்துச் சுவரெல்லாம் பழச்சாறான கதைகள் ரொறன்ரோவில் ஏராளம். மாமா மூடியைத் தளர்த்தி வைத்தார்.

பழம் சேராத கள்ளு ஒரு போத்தல் மிஞ்சியது. பின்னேரம் அதைக் குடிக்க ஒருவரும் தயாரில்லை. மாமி அதை எடுத்து அப்ப மாவுக்குள் ஊற்றினார், இரவிரவாகப் பொங்க. என் கடைசி ரின் மேசையில் இருந்தது.

"மனே, இத ஊத்தினா மா பொங்குமா?"

ஈஸ்ற் உயிரோடு இருந்தால் பொங்கலாம் என்றேன். மாமி ரின்னை மோந்து பார்த்தார். "வேணாம். அப்பம் கொடித்தோடை மணக்கும்."

அதை மாமா குடித்து முடித்தார், இறால் இல்லாமல், முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு சொட்டும் விடாமல்.